‘நம்பிக்கையான கேமரா கடை ஒண்ணு சொல்லுங்க டாக்டர்’ என்பவர்களுக்கு

1/
சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டதும் நம்மாளுங்க எனக்கு அனுப்புற மெசேஜ் இது: "டாக்டர், அங்க கேமரா சீப்பாமே, நம்பிக்கையான கடை ஒண்ணு சொல்லுங்க."

பறவைப் படம் எடுத்துப் போடுற டாக்டர்னு பேர் வாங்கினதுக்கு அப்புறம், மருந்துச் சந்தேகத்தை விட லென்ஸ் சந்தேகம்தான் இன்பாக்ஸ்ல அதிகம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே இழையா எழுதிடறேன். நீளம்தான். சில பேருக்குக் கோபமும் வரும்.

2/
கடை பேர் சொல்லப் போறதில்லை.

"அண்ணன் சொன்ன கடை", "யூடியூப்ல காட்டின கடை"ன்னு பேரை நம்பி கண்ணை மூடிக்கிட்டு காசை நீட்டுறோம் பாருங்க, அதுதான் ஏமாத்துற வியாபாரிக்கு மூலதனமே. கடை கைமாறும். கவுன்ட்டர்ல நிக்கிற ஆள் மாறுவார். போன வருஷம் நல்லா இருந்தது இந்த வருஷம் இருக்காது.

காசு கைமாறுறதுக்கு முன்னாடி காகிதத்துல என்ன எழுதித் தர்றாங்க? நம்பிக்கைக்கு அது ஒண்ணுதான் அளவுகோல்.

3/
முதல்ல "வெளிநாட்டுல சீப்"ங்கற கதையைப் பார்ப்போம்.

எங்க அப்பா காலத்துல அது உண்மை. 1991-க்கு முன்னாடி இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு. நல்ல கேமரா வேணும்னா கப்பல்ல போனவரோ சிங்கப்பூர் மாமாவோ கொண்டு வரணும், இல்லைன்னா பர்மா பஜார்.

இன்னிக்கு கேனான், நிக்கான், சோனி எல்லாத்துக்கும் இந்தியாவுலயே கம்பெனி இருக்கு, சர்வீஸ் சென்டர் இருக்கு. காலம் மாறிடுச்சு, மாமா மேல இருக்கற நம்பிக்கை மட்டும் மாறலை.

4/
கணக்கு போடலாம். எல்லாமே உதாரண விலைதான், முறையைப் பாருங்க.

இங்க பில்லோட 1,00,000 ரூபாய்க்குக் கிடைக்கற கேமரா, அங்க 1,500 சிங்கப்பூர் டாலர்னு வச்சுக்குவோம். டாலர் 62 ரூபாய்னா 93,000. ஆஹா, 7,000 லாபம்!

அங்க ஜிஎஸ்டி 2024 ஜனவரியில இருந்து 9%. சுற்றுலாப் பயணிக்கு அது திரும்பக் கிடைக்கும். கையாளும் கட்டணம் பிடிச்சது போக சுமாரா 100 டாலர், அதாவது 6,200 ரூபாய். ஆக 86,800. லாபம் 13,200! இந்த இடத்தோட வீடியோவை நிறுத்திடுவாங்க யூடியூபர்கள்.

5/
மீதிக் கணக்கை நான் போடறேன்.

நம்ம பேங்க் கார்டு வெளிநாட்டுல தேய்ச்சா பல கார்டுகளுக்கு 3.5% வரைக்கும் மார்க்கப். 93,000-க்கு 3,255.

அடுத்து நம்ம ஊர் ஏர்போர்ட். 2026 பிப்ரவரி வரைக்கும் இருந்த 2016 பேகேஜ் விதிப்படி சிங்கப்பூர்ல இருந்து வந்த இந்தியருக்கு வரியில்லாம அனுமதி 50,000 ரூபாய் வரைக்கும்தான் இருந்துச்சு. அதுக்கு மேல உள்ள மதிப்புக்கு 38.5% சுங்கவரி போட்டாங்க. அந்த விதிக் கணக்குல 86,800-ல 50,000 போக 36,800. அதுக்கு வரி 14,168.

86,800 + 3,255 + 14,168 = 1,04,223.

இந்தியாவுல வாங்கியிருந்தா 1,00,000. கையில இந்திய வாரன்ட்டியும் இருந்திருக்கும்.

6/
"நாங்க குடும்பத்தோட நாலு பேர் போறோம் டாக்டர், நாலு பேர் அனுமதி."

செல்லாது. ஒருத்தரோட அனுமதியை இன்னொருத்தரோடது கூட சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது. விதியிலயே இருக்கு. அந்த அனுமதிக்குள்ளதான் நீங்க வாங்கின சென்ட், சாக்லேட், போன் எல்லாமும் வரும்.

7/
"பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு கழுத்துல மாட்டிக்கிட்டு வந்துடுங்க, கேட்க மாட்டாங்க."

இந்த அறிவுரையைப் படிச்சவங்க சொல்றாங்க, டாக்டர்களும் சொல்றாங்க. வெட்கமா இருக்கு. மாட்டினா பொருள் பறிமுதல், அபராதம் ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு. மாட்டலைன்னாலும் பெட்டியில்லாத கேமராவை நாளைக்கு விக்கப் போனா விலை அடிபடும். வரி கட்ட வேண்டியது இருந்தா சிவப்பு வழியில போய் கட்டிட்டு ரசீது வாங்குங்க.

ஒரு விஷயம் கூடவே. இங்கிருந்து உங்க பழைய கேமராவை எடுத்துட்டுப் போறீங்கன்னா, கிளம்பும்போதே ஏர்போர்ட் சுங்கத்துல காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்குங்க. திரும்பி வரும்போது "இது புதுசா"ங்கற விவாதமே வராது.

8/
வாரன்ட்டி. இதுலதான் பெரும்பாலானவங்க விழறாங்க.

கேமரா பாடிக்குப் பல கம்பெனிகள் தர்ற வாரன்ட்டி, வாங்கின நாட்டோட நின்னுடும். "இன்டர்நேஷனல் வாரன்ட்டி சார்"னு கடைக்காரர் வாயால சொல்றதுக்கு அஞ்சு பைசா மதிப்பு கிடையாது. பெட்டிக்குள்ள இருக்கற வாரன்ட்டி கார்டுல எந்தெந்த நாடு போட்டிருக்குன்னு பாருங்க. கம்பெனி கொடுக்கற வாரன்ட்டியா, கடை கொடுக்கற வாரன்ட்டியான்னு கேளுங்க. கடை வாரன்ட்டின்னா ரிப்பேருக்கு அந்தக் கடைக்கே போகணும், நீங்க திருவாரூர்ல இருந்தாலும்.

ஜப்பான் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை: அங்க உள்நாட்டுச் சந்தைக்குன்னு வர்ற சோனி பாடிகள் பலதுல மெனு ஜப்பானிய மொழியில மட்டும்தான் இருக்கும். காசு கட்டறதுக்கு முன்னாடி ஆன் பண்ணிப் பாருங்க.

9/
இவ்வளவு நேரம் பேசினது நேர்மையான கடையில வாங்கினாலே வர்ற நஷ்டம். இனி மத்த கடை.

2014 நவம்பர். சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயர். வியட்நாம்ல இருந்து வந்த ஒரு தொழிலாளி ஐபோன் வாங்கப் போனார். சொன்ன விலை 950 டாலர். கட்டினார். ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. அப்புறம், "வாரன்ட்டிக்கு இன்னும் 1,500 டாலர் கட்டு, இல்லைன்னா போன் கிடையாது."

அந்த மனுஷன் கடைக்குள்ள மண்டியிட்டு அழுதார். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுத்துச்சு. கடைக்காரருக்கு 2015-ல 33 மாசம் சிறை, 2,000 டாலர் அபராதம்.

10/
அது போன். ஆனா முறை கேமராவுக்கும் அதேதான், வரிசை கூட மாறாது.

முதல்ல ஊர்லயே இல்லாத ஒரு குறைஞ்ச விலை. அடுத்து "பணம் கட்டுங்க, ஸ்டாக் மேல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்". கட்டினதும் பேச்சு மாறும். பெட்டிக்குள்ளயே வர்ற பேட்டரி, சார்ஜருக்குத் தனி விலை. ஒரு ஃபில்டருக்கு யானை விலை. இல்லைன்னா, "சார், இந்த மாடல்ல கலர் சரியா வராது, எல்லாரும் திருப்பிக் கொடுத்துட்டாங்க, இதை எடுங்க"ன்னு லாபம் அதிகம் உள்ள வேற மாடலைத் தள்ளிவிடறது.

வேண்டாம்னு சொன்னா? "பில் போட்டாச்சு, ரீஃபண்ட் கிடையாது."

11/
ஒரு டாக்டரா இதைப் பார்க்கறப்ப எனக்கு எரியறது அந்தக் கையெழுத்துதான்.

ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க சம்மதப் படிவம் வாங்கறோம். என்ன செய்யப் போறோம், என்ன ஆபத்து, வேற வழி என்ன, இதெல்லாம் நோயாளிக்குப் புரியற மொழியில சொல்லி, அவர் சுயநினைவோட யோசிச்சுப் போட்டாதான் அது சம்மதம். மயக்க மருந்து கொடுத்துட்டு விரலைப் பிடிச்சு உருட்டினா அது குற்றம்.

காசைப் பிடுங்கி கல்லாவுல போட்டுட்டு, புரியாத இங்கிலீஷ் தாளை நீட்டி "சைன் பண்ணு"ங்கறது ரெண்டாவது வகை. அதைக் காட்டி "நீதானே கையெழுத்து போட்டே"ன்னு கேட்கறவன் வியாபாரி இல்லை.

12/
இதை நான் மட்டும் சொல்லலை. ஹாங்காங்ல சிம் ஷா சுய் பக்கம் கேமரா கடைகள்ல இதே கூத்து பல வருஷம் நடந்துச்சு. 2013 ஜூலை 19-ல இருந்து அங்க சட்டமே மாறிடுச்சு. குறைஞ்ச விலை காட்டி இழுத்து வேற பொருளைத் தள்றது, மிரட்டி விக்கறது, கொடுக்க முடியாதுன்னு தெரிஞ்சே காசு வாங்கறது எல்லாம் கிரிமினல் குற்றம்.

சிங்கப்பூர்லயும் 2016-ல நுகர்வோர் சட்டத்தைத் திருத்தி, திரும்பத் திரும்ப ஏமாத்துற கடைகளை விசாரிக்க அரசு அமைப்புக்கு அதிகாரம் கொடுத்தாங்க.

ஒரு அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு நேர்த்தியான ஏமாத்து வேலை இது. விழுந்தவன் முட்டாள்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

13/
ஏன் சொல்றேன்னா...

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருத்தர். அங்க கப்பல் பட்டறையில வேலை. ஊர்ல அவர் தம்பி கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கறார். லீவுல வந்தப்ப "தூக்கமே வரலை டாக்டர்"னு என்கிட்ட வந்தார். பிரஷர், சுகர் எல்லாம் சரியா இருந்துச்சு. (அவர் சம்மதத்தோட, அடையாளம் தெரியாம எழுதறேன்.)

ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசுல ஒரு பாடி, ரெண்டு லென்ஸ். "இந்தியாவுல செல்லும் தம்பி"ன்னு கடையில தமிழ்லயே சொல்லியிருக்காங்க. ஆறு மாசத்துல ஒரு முகூர்த்த வீட்டுல ஷட்டர் நின்னுபோச்சு. இங்க சர்வீஸ் சென்டர்ல கார்டைப் பார்த்துட்டு, "இது இங்க செல்லாது."

ரிப்பேர் செலவு ஒரு பக்கம். வீட்டுல "ஏமாந்துட்டியா?"ன்னு கேட்டுடுவாங்களேன்னு எட்டு மாசமா யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தது இன்னொரு பக்கம். தூக்கம் போனது அதனாலதான்.

14/
"தமிழ் பேசற ஆள், நம்மாளு, ஏமாத்த மாட்டார்."

சிராங்கூன் ரோட்டுல ஞாயித்துக்கிழமை நின்னு பாருங்க. தமிழ் பேசற வாடிக்கையாளர் ஆயிரக்கணக்குல நடமாடற இடத்துல, தமிழ் பேசற விற்பனையாளரை வைக்கறது வியாபார புத்தி, அவ்வளவுதான். அதுல நல்லவரும் இருப்பார், கமிஷனுக்கு விக்கறவரும் இருப்பார். மொழியை வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது.

"ஊர் எது தம்பி?"ன்னு கேட்டா பதில் சொல்லுங்க, டீ கொடுத்தா குடிங்க. காசை மட்டும் பில்லைப் படிச்சப்புறம் எடுங்க.

15/
இன்னொரு பழக்கக் கோளாறு. நம்ம ஊர்ல பெட்டி மேல அதிகபட்ச சில்லறை விலை அச்சடிச்சிருக்கும். அதுக்கு மேல கேட்டா சண்டை போடலாம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அங்க அந்த முறையே கிடையாது. கடைக்காரர் கேட்கறதும் நீங்க ஒத்துக்கறதும்தான் விலை. விலைச்சீட்டு ஒட்டாத கண்ணாடி அலமாரிக்கு முன்னாடி நின்னு "எவ்வளவு?"ன்னு கேட்டீங்கன்னா, அவர் முதல்ல உங்க முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் விலை சொல்வார்.

16/
சரி, என்னதான் செய்யறது? என் பிரிஸ்கிரிப்ஷன்.

கிளம்பறதுக்கு முன்னாடியே மாடல் நம்பரை முடிவு பண்ணிடுங்க. அந்தக் கம்பெனியோட சிங்கப்பூர் இணையதளத்துல விலை பாருங்க. ஹார்வி நார்மன், கோர்ட்ஸ், பெஸ்ட் டெங்கி மாதிரி விலை ஒட்டி விக்கற பெரிய கடைகள்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அதுல இருந்து கொஞ்சம் குறைஞ்சா சந்தோஷம். பாதிக்குப் பாதி குறைஞ்சா அது தூண்டில்.

ஒரே ஊசியில சுகர் குணமாகும்னு போர்டு வச்ச கிளினிக்குக்குப் போவீங்களா? அதே மாதிரிதான் இதுவும்.

17/
கடையில, காசு கட்டறதுக்கு முன்னாடி:

• மொத்த விலை, ஜிஎஸ்டி உட்பட, எழுதித் தரணும்.
• பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு உங்க கண் முன்னாடி திறந்து காட்டணும். பேட்டரி, சார்ஜர் அல்லது கேபிள், பட்டை, கார்டு.
• பாடியில இருக்கற சீரியல் நம்பர், பெட்டி, பில் மூணும் ஒண்ணா இருக்கணும்.
• வாரன்ட்டி யாருது, எந்த நாட்டுல செல்லும்னு பில்லுலயே எழுதணும்.
• திருப்பித் தர்ற விதி என்னன்னு கேட்டு, அதையும் எழுதி வாங்கணும்.

இதுல ஒண்ணுக்கு "அதெல்லாம் எதுக்கு சார், நம்புங்க"ன்னு பதில் வந்தா, நன்றி சொல்லிட்டு வெளிய வந்துடுங்க. நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தினம் கேட்டுப் பழகியிருப்பார்.

18/
கார்டுல கட்டுங்க. பிரச்சினைன்னா பேங்க் மூலமா தகராறு எழுப்ப ஒரு வழி இருக்கும், ரொக்கத்துக்கு அது இல்லை.

மெஷின்ல "ரூபாயா, டாலரா?"ன்னு கேட்டா டாலரை அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா மாற்று விகிதத்தை அவங்க வைப்பாங்க. பெரும்பாலும் அது நமக்கு நஷ்டம்.

19/
வரித் திரும்பப் பெறுதல். எல்லாக் கடையும் அந்தத் திட்டத்துல கிடையாது, முதல்லயே கேளுங்க. குறைஞ்சது 100 டாலருக்கு வாங்கணும். வாங்கும்போதே பாஸ்போர்ட் காட்டணும். வாங்கின 2 மாசத்துக்குள்ள பொருளோட கிளம்பணும். ஏர்போர்ட்ல பொருளைக் காட்டச் சொல்லலாம், அதனால செக்-இன் பெட்டிக்குள்ள போட்டு அனுப்பிட்டு அப்புறம் ஓடாதீங்க.

ஜோகூர் வழியா தரை மார்க்கமா மலேசியா போறவங்களுக்கு இது கிடைக்காது. அங்க வேலை பாஸ்ல இருக்கறவங்களுக்கும் கிடைக்காது. "உனக்கும் 9% வரும் தம்பி"ன்னு தொழிலாளிகிட்ட சொல்லி விக்கறது பச்சைப் பொய்.

20/
பழைய லென்ஸ் வாங்கறவங்களுக்கு. இதுல நிஜமாவே நல்ல பேரம் கிடைக்கும். சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்துல பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் மாதிரி இடங்கள்ல செகண்ட்ஸ் கடைகளை நிதானமா ஏறி இறங்கலாம்.

ஆனா அந்த ஊர் ஈரப்பதத்துக்கு லென்ஸ்ல பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ரெண்டு பக்க மூடியையும் கழட்டி, ஒரு பக்கம் டார்ச் அடிச்சு மறுபக்கம் பாருங்க. சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா வேண்டாம். தோல்ல வர்ற பூஞ்சைக்கு என்கிட்ட களிம்பு இருக்கு, லென்ஸுக்கு இல்லை. பாடின்னா ஷட்டர் கவுண்ட் கேளுங்க, உங்க கார்டுல நாலு படம் எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க.

21/
அங்கேயே வேலை பார்க்கற தம்பிங்க, படிக்கற பிள்ளைங்க, நீங்க அங்கேயே வச்சு உபயோகிக்கறதுக்கு வாங்கினா தாராளமா வாங்குங்க. உள்ளூர் வாரன்ட்டி இருக்கு. 2012-ல இருந்து இருக்கற லெமன் சட்டப்படி, வாங்கின 6 மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, அது கொடுக்கும்போதே இருந்த குறைன்னுதான் எடுத்துக்குவாங்க. இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடையோட வேலை. செகண்ட்ஸுக்கும் இது பொருந்தும்.

ஊருக்கு அனுப்பற கேமரான்னா, காசை அனுப்புங்க. தம்பி இங்கயே பில்லோட வாங்கட்டும்.

22/
ஏமாந்துட்டீங்கன்னா? வெட்கப்பட்டு ரூமுக்குள்ள உட்காராதீங்க. பில், அந்தத் தாள், கார்டு ஸ்லிப் எதையும் கிழிக்காதீங்க. போட்டோ எடுத்து வச்சுக்குங்க. மிரட்டினா, போக விடலைன்னா 999-க்கு போலீஸைக் கூப்பிடுங்க.

'கேஸ்'னு சொல்ற சிங்கப்பூர் நுகர்வோர் சங்கத்துல புகார் கொடுக்கலாம். சிறு கோரிக்கை தீர்ப்பாயத்துல 20,000 டாலர் வரைக்கும் வழக்குப் போடலாம், சுற்றுலாப் பயணியும் போடலாம். வக்கீல் தேவையில்லை. வக்கீல் வந்து வாதாடவே அங்க அனுமதி இல்லை.

23/
"டாக்டர், இவ்வளவு பார்த்தா எப்படிப் பொருள் வாங்கறது?"ன்னு கேட்பீங்க.

நாப்பது ரூபா கத்தரிக்காயைப் புழு இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கற ஜனம் நாம. லட்ச ரூபா கேமராவுக்கு மட்டும் ஏன் "சார் சொன்னார், எடுத்துட்டேன்"னு வர்றோம்? ஏசி கடை, டை கட்டின ஆள், வெளிநாடு. அந்தக் கூச்சத்தைத்தான் அவங்க காசாக்கறாங்க. அஞ்சு கேள்வி கேட்க அஞ்சு நிமிஷம் போதும்.

24/
யூடியூப்ல "சிங்கப்பூர்ல பாதி விலை!"ன்னு வீடியோ போடற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுங்கவரியையும் வாரன்ட்டியையும் சேர்த்துச் சொல்லுங்க. கடைக்காரர் உங்களுக்கு ஏதாவது கொடுத்திருந்தா அதையும் சொல்லுங்க. உங்க வீடியோவைப் பார்த்துட்டு கடைக்குப் போறவர்ல ஓவர்டைம் காசோட போறவரும் இருக்கார்.

25/
விதிகளும் வரியும் மாறிக்கிட்டே இருக்கும். கிளம்பற வாரத்துல இந்தியச் சுங்கத்துறை தளத்தை ஒரு தடவை பார்த்துடுங்க.

சிங்கப்பூர்ல, துபாய்ல, ஹாங்காங்ல உங்க வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தா 17-ம் பாயின்ட்டை மட்டுமாவது வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க. அவங்க ஏற்கெனவே ஏமாந்திருந்தா திட்டாதீங்க. "பில் இருக்கா?"ன்னு மட்டும் கேளுங்க.